செம்புப் பாதை – 6: தெற்கே மூடிய கதவு

சென்ற வாரம் 1964 அக்டோபர் 24 அன்று லுசாகாவில் நிறுத்தியிருந்தோம். பிரிட்டிஷ் கொடி இறங்கி ஜாம்பியாவின் பச்சைக் கொடி ஏறியது. வடக்கு ரொடீசியா என்ற பெயர் அத்துடன் முடிந்தது. அதே நாளில் டோக்கியோவில் ஒலிம்பிக் நிறைவு விழா. தொடக்க விழாவில் வடக்கு ரொடீசியர்களாக அணிவகுத்த வீரர்கள், நிறைவு விழாவில் ஜாம்பியர்களாக நடந்தார்கள். புதிய நாட்டின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவுக்கு அப்போது நாற்பது வயது.

இந்த வாரம்தான் தொடருக்குள் வருபவர்களுக்காக ஒரு சுருக்கம். காங்கோ எல்லையை ஒட்டி மண்ணுக்கு அடியில் செம்பு கிடக்கிறது. அதை ஏற்றி அனுப்பக் கடல் இல்லை. செசில் ரோட்ஸ் கனவு கண்ட ரயில் தெற்கிலிருந்து ஏறி வந்து, 1905-ல் விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் ஜாம்பெசி ஆற்றைத் தாண்டியது. 1909-ல் காங்கோ எல்லையைத் தொட்டது. மேற்கே ராபர்ட் வில்லியம்ஸ் 1902-ல் போர்ச்சுகலிடம் உரிமம் வாங்கினார். அங்கோலாவின் லோபிடோ விரிகுடாவிலிருந்து அவர் போட ஆரம்பித்த பெங்குவெலா ரயில் பாதை காங்கோ எல்லைக்கு வந்து சேர 1929 ஆனது. அதன் தொடக்க வேலைகளுக்கு நேட்டாலிலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டதையும் பார்த்தோம். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் என்பதை மறக்காமல் மேலே போவோம்.

*

விடுதலை வாங்கிய மறுநாள் காலை கவுண்டா வரைபடத்தைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

மேற்கே அங்கோலா. போர்ச்சுகலின் காலனி. கிழக்கே மொசாம்பிக். அதுவும் போர்ச்சுகலின் காலனி. தெற்கே ஜாம்பெசிக்கு அக்கரையில் வெள்ளையர் சிறுபான்மை ஆளும் ரொடீசியா. தென்மேற்கில் தென்னாப்பிரிக்காவின் பிடியில் தென்மேற்கு ஆப்பிரிக்கா. வடக்கே காங்கோ, உள்நாட்டுக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. மலாவியும் பெச்சுவானாலாந்தும் தாங்களே கடல் இல்லாதவை.

எட்டு அண்டை நாடுகளில் நட்பும் கடலும் சேர்ந்து இருந்தது ஒன்றிடம் மட்டும்தான். வடகிழக்கு மூலையில் தான்சானியா. அந்தத் திசையில் ரயில் இல்லை. மழை பெய்தால் சேறாகும் ஒரு மண் சாலை இருந்தது.

இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால் நிலைமை அதைவிட மோசம். ஜாம்பியாவின் செம்பு ஏறக்குறைய முழுக்க தெற்கு ரயிலை நம்பியிருந்தது. ரொடீசிய ரயில்வேயில் ஜாம்பியாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. ஆனால் தலைமையகம் புலவாயோவில், அதாவது ரொடீசியாவில். உலைகளில் எரித்த நிலக்கரி ரொடீசியாவின் வாங்கீ சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கங்களின் மின்சாரம் கரீபா அணையிலிருந்து வந்தது. அணை இரண்டு நாடுகளுக்கும் பொது, ஆனால் மின் நிலையம் கட்டப்பட்டிருந்தது தெற்குக் கரையில். பெட்ரோல் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியாக ரொடீசியாவின் உம்தாலி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வந்தது.

ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பு தந்த நாடு இது. வருமானமும் வெளிச்சமும் வெப்பமும் ஒரே ஆற்றைக் கடந்து வந்தன.

காலனி ஆட்சி இதைத் தவறுதலாக இப்படி அமைக்கவில்லை. செம்பை வெட்டி எடுத்துத் தெற்கே அனுப்புவதற்காக நிறுவப்பட்ட பிரதேசம் அது. அந்த வேலைக்கு எந்தப் பாதை தேவையோ அந்தப் பாதையைப் போட்டார்கள். அங்கே வாழும் மக்கள் ஒருநாள் தங்கள் நாட்டைத் தாங்களே ஆளுவார்கள் என்ற நினைப்பு அந்தத் தண்டவாளங்களில் எங்கும் இல்லை.

*

1965 நவம்பர் 11.

சாலிஸ்பரியில் ரொடீசியப் பிரதமர் இயான் ஸ்மித் ரேடியோவில் பேசினார். பிரிட்டனிடமிருந்து ரொடீசியா தன்னிச்சையாக விடுதலை பெற்றுவிட்டதாக அறிவித்தார். கறுப்பின மக்களின் பெரும்பான்மை ஆட்சிக்கு வழிவிடாமல் விடுதலை இல்லை என்று லண்டன் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்மித் அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தார்.

பிரிட்டன் படை அனுப்பவில்லை. பொருளாதாரத் தடை விதித்தது. டிசம்பர் நடுவில் எண்ணெய்த் தடையும் வந்தது.

அந்த அடி முதலில் விழுந்தது ஜாம்பியாவின் மேல்தான். உம்தாலியிலிருந்து வரவேண்டிய பெட்ரோலை ரொடீசியா நிறுத்தியது. தண்டனை ஒருவருக்கு, பட்டினி பக்கத்து வீட்டுக்கு என்ற கதையாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில் பிரிட்டிஷ் விமானப்படை பெட்ரோலை டிரம்களில் அடைத்து ஜாம்பியாவுக்குக் கொண்டுவர ஆரம்பித்தது. கனடாவும் அமெரிக்காவும் விமானங்கள் அனுப்பின. லுசாகாவில் பெட்ரோல் ரேஷன். ஒரு நாட்டின் எரிபொருளை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு வருவது எவ்வளவு நாளைக்குக் கட்டுப்படியாகும்?

அப்போதுதான் அந்த மண் சாலைக்கு வேலை வந்தது. தான்சானியத் துறைமுகமான டார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை லாரிகள் ஓட ஆரம்பித்தன. வரும்போது எண்ணெய் டிரம், போகும்போது செம்புப் பாளம். செங்குத்துச் சரிவுகள், மழைக்காலச் சேறு, வறண்ட காலத்தில் முன்னால் போகும் வண்டியையே மறைக்கும் செம்மண் புழுதி. கவிழ்ந்த லாரிகள் சாலையோரம் கிடந்தன. ஓட்டுநர்கள் பலர் உயிரிழந்தார்கள். நரக ஓட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை.

1968-ல் இத்தாலிய நிறுவனம் ஒன்று டார் எஸ் சலாமிலிருந்து செம்பு வட்டாரத்துக்கு 1,700 கிலோமீட்டருக்கும் நீளமான எண்ணெய்க் குழாயைப் போட்டு முடித்தது. எண்ணெய்க்கு வழி பிறந்தது. செம்புக்குப் பிறக்கவில்லை. 1969-ல் ஜாம்பியா வெட்டி எடுத்த செம்பு 7 லட்சம் டன்னைத் தாண்டியது. அத்தனையையும் லாரியில் அனுப்ப முடியாது.

*

ரயில் வேண்டும் என்று கவுண்டாவும் தான்சானிய ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயும் ஸ்மித்தின் அறிவிப்புக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்ட இடமெல்லாம் மேற்கு நாடுகள்.

உலக வங்கி 1964-ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. இருக்கும் பாதைகளே போதும், புதிய ரயிலுக்கு வேண்டிய சரக்கு வராது, சாலையைச் செப்பனிடுங்கள் என்றது. பிரிட்டிஷ்-கனடிய நிறுவனங்களின் கூட்டு ஆய்வு ஒன்று 1966-ல் வேறு மாதிரிச் சொன்னது. ரயில் போடலாம், தாக்குப்பிடிக்கும் என்றது. அறிக்கை வந்தது, பணம் வரவில்லை. அமெரிக்கா சாலைக்கு உதவ முன்வந்தது. ரயிலுக்கு இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லை தாண்டும் பாதைகள் பற்றிய எல்லாச் சண்டைகளும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

உலக வங்கியின் கணக்கு கூட்டல் கழித்தலில் தவறியதாக நான் நினைக்கவில்லை. தெற்கு ரயில் தொடர்ந்து திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், வடகிழக்கே காட்டையும் மலையையும் குடைந்து 1,860 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவது வீண் செலவுதான். அந்த ஒரு அனுமானத்தில்தான் கோளாறு. தெற்குக் கதவின் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

இரண்டாவது வழி ஒன்று இருந்தால் முதல் வழியின் சொந்தக்காரன் நினைத்த கட்டணத்தைக் கேட்க முடியாது. நினைத்த நேரத்தில் கதவைச் சாத்தவும் யோசிப்பான். அந்தப் பாதையில் ஒரு வேகன்கூட ஓடாத நாளிலும் அது நாட்டுக்குச் சம்பாதித்துக்கொடுக்கிறது. சரக்கு டன்னை மட்டும் எண்ணும் அறிக்கை இதைப் பிடிக்காது. கவுண்டா பொருளாதார நிபுணர் அல்ல, ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அவர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதே என் தீர்ப்பு.

*

1965 பிப்ரவரியில் நைரேரே பெய்ஜிங் போனார்.

சீனா அப்போது பணக்கார நாடு அல்ல. பெரும் பஞ்சம் ஒன்றிலிருந்து மீண்டு சில வருடங்களே ஆகியிருந்தன. சோவியத் யூனியனுடன் உறவு முறிந்திருந்தது. ஐ.நா.வில் இடம் இல்லை. தன் சொந்த மாகாணங்களுக்கே ரயில் போதாத நாடு, ஆப்பிரிக்காவில் ரயில் போட்டுத் தருவதாகச் சொன்னது.

நைரேரே ஆர்வமாக இருந்தார். கவுண்டா தயங்கினார். கம்யூனிஸ்ட் சீனாவின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் நாட்டுக்குள் வருவதில் அவருக்குக் கவலை இருந்தது. மேற்கிலிருந்து பணம் வரும் என்ற நம்பிக்கையை அவர் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தார். 1967 ஜூனில் அவரும் பெய்ஜிங் போனார்.

அதே ஆண்டு செப்டம்பர் 5-ல் மூன்று நாடுகளும் பெய்ஜிங்கில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சீனாவில் அது கலாசாரப் புரட்சியின் உச்சம். தெருக்களில் செங்காவலர்கள்.

சர்வே முடிந்து இறுதி ஒப்பந்தம் 1970 ஜூலையில் வந்தது. 98 கோடியே 80 லட்சம் யுவான் கடன். அன்றைய மதிப்பில் சுமார் 40 கோடி டாலர். வட்டி கிடையாது. திருப்பிக்கொடுக்க முப்பது வருடம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வேலையாட்களின் கூலி, சாப்பாடு, உள்ளூர்ப் பொருள்கள் இவற்றுக்கெல்லாம் தான்சானிய ஷில்லிங்கும் ஜாம்பிய குவாச்சாவும் வேண்டும். அதற்காகச் சீனா தன் நாட்டுப் பொருள்களைக் கடனாக அனுப்பியது. இரண்டு நாடுகளின் அரசுக் கடைகளும் அவற்றை வாங்கி விற்று, வந்த பணத்தை ரயில் வேலைக்குக் கொடுத்தன. டார் எஸ் சலாமில் ஒரு குடும்பம் வாங்கிய சீனத் துணியின் விலை எங்கோ மலையில் ஒரு தொழிலாளியின் சம்பளமாக மாறியது. கேட்க அழகான திட்டம். விற்காத சரக்கு கடைகளில் தேங்கியபோது அதுவே தலைவலியும் ஆனது.

*

தண்டவாளத்தின் அகலம் என்ன?

வெறும் பொறியாளர் விவகாரம்போலத் தோன்றும் இந்தக் கேள்வியில் ஒரு கண்டத்தின் அரசியல் அடங்கியிருந்தது.

தான்சானியாவில் ஜெர்மானியர் காலத்தில் போட்ட பாதை ஒரு மீட்டர் அகலம். நம்மூரில் மீட்டர் கேஜ் என்று சொன்ன அதே அளவு. ஜாம்பியாவில் தெற்கிலிருந்து வந்த பாதை 1,067 மில்லிமீட்டர். வித்தியாசம் 67 மில்லிமீட்டர். அந்த அகலத்தைத் தாண்ட ஒரு கூட்ஸ் வண்டியால் முடியாது. சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

எந்தப் பக்கம் சேர்வது? தான்சானியாவின் அளவை எடுத்தால் ஜாம்பியாவில் வண்டி நிற்கும். ஜாம்பியாவின் அளவை எடுத்தால் தான்சானியாவின் மற்ற ரயில்களோடு சேராது.

1,067 என்று முடிவானது. செம்பு ஏற்றிய வேகன் சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை இறங்காமல் போக வேண்டும் என்பது முதல் காரணம். தெற்கு ஆப்பிரிக்கா முழுவதும் அதே அளவு என்பது இரண்டாவது. தெற்கே கதவு மூடிய காரணத்தால் போடப்படும் பாதை, அந்தத் தெற்கு ஒருநாள் விடுதலையாகி உறவாடும் நாளையும் மனதில் வைத்து அளக்கப்பட்டது.

விலையும் இருந்தது. டார் எஸ் சலாமில் புதிய ரயிலுக்குத் தனி நிலையம், தனி யார்டு, தனிப் பட்டறை. ஒரே நகரத்தில் இரண்டு ரயில்வேக்கள், ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. இந்தப் பிரிவினை பின்னால் என்ன செய்தது என்பதை அடுத்தடுத்த வாரங்களில் பார்க்கப் போகிறோம்.

*

1970 அக்டோபர் கடைசியில் வேலை தொடங்கியது.

சீனர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். வந்து போனவர்களை எல்லாம் சேர்த்தால் 30,000 முதல் 50,000 பேர் வரை என்று கணக்கு. தான்சானியர்களும் ஜாம்பியர்களும் பல்லாயிரம் பேர். தண்டவாளம், எஞ்சின், சிமென்ட், மருந்து என எல்லாம் கடல் தாண்டி வந்தன.

முதல் 500 கிலோமீட்டர் வேகமாக நகர்ந்தது. கடற்கரைச் சமவெளி, பிறகு செலூஸ் வனவிலங்குக் காப்பகத்தின் ஊடே. 1971 நவம்பரில் ம்லிம்பாவைத் தொட்டார்கள்.

அதற்கப்பால் நிலம் எழுந்து நின்றது.

ம்லிம்பாவிலிருந்து மகம்பாகோ வரை சுமார் 157 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் தூரம். அதற்குள் 46 பாலங்கள், 18 சுரங்கப் பாதைகள். மொத்தப் பாதையிலும் உள்ள சுரங்கப் பாதைகளே 22 என்பதை வைத்துப் பார்த்தால், முழுப் பாதையின் கஷ்டமும் இந்தத் துண்டில் திரண்டிருந்தது தெரியும். மழையில் மண் சரிந்தது. போட்ட கரை கரைந்து ஓடியது. சதுப்பில் அடித்தளம் அமிழ்ந்தது. ம்பாங்கா ஆற்றின் மேல் ஐம்பது மீட்டர் உயரத் தூண்களை எழுப்பினார்கள்.

இயந்திரங்கள் கொஞ்சம், மனிதக் கைகள் அதிகம். மலேரியாவும் விபத்தும் ஆட்களைக் கொண்டுபோயின. உயிரிழந்த சீனர்கள் மட்டும் 60 பேருக்கு மேல். அவர்களில் பலர் டார் எஸ் சலாம் புறநகரான கோங்கோ லா ம்போட்டோவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் கணிசமான எண்ணிக்கையில் இறந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரே இடத்தில் கல்லறைத் தோட்டம் இல்லை. அவரவர் ஊர்களில் கிடக்கிறார்கள். இந்த ரயிலைப் பற்றி எழுதும்போது நட்புறவு என்ற சொல்லை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டாவது வரிசைக்குக் கடன் இன்னும் தீரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மகம்பாகோவைத் தாண்டிப் பாதை இன்னும் ஏறி, ம்பேயா அருகே உயோலேயில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ஊட்டியைவிட ஐந்நூறு மீட்டர்தான் குறைவு. அந்த உயரத்துக்குச் சரக்கு ரயில் ஏற வேண்டும். அதை இழுக்கும் எஞ்சின்கள் போதுமானவையா என்று அப்போது யாரும் உரக்கக் கேட்கவில்லை.

*

மலைப் பகுதியில் வேலை முடியும் தறுவாயில், தெற்கே அது நடந்தது.

1973 ஜனவரி 9. ஜாம்பியாவுடனான எல்லையை மூடுவதாக இயான் ஸ்மித் அறிவித்தார்.

ரொடீசியாவுக்குள் கெரில்லாத் தாக்குதல்கள் கூடியிருந்தன. விடுதலை இயக்கங்களுக்கு ஜாம்பியா இடம் கொடுக்கிறது என்பது ஸ்மித்தின் குற்றச்சாட்டு. அது பொய்யல்ல. லுசாகாவில் தெற்கு ஆப்பிரிக்காவின் பல இயக்கங்களுக்கு அலுவலகம் இருந்தது. கவுண்டா அதை மறைத்ததும் இல்லை. அவர்களை வெளியேற்று, எல்லையைத் திறக்கிறேன் என்பதுதான் பேரம்.

அறிவிப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. எல்லாச் சரக்கும் நிற்கும், செம்பு மட்டும் போகலாம்.

ஏன்? செம்பை ஏற்றிப் போவதில் ரொடீசிய ரயில்வேக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது. தடையில் தவித்த ஸ்மித்துக்கு அது வேண்டும். ஜாம்பியாவுக்குள் வரும் இயந்திரத்தையும் உரத்தையும் மறித்துக்கொண்டு, வெளியே போகும் செம்பின் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்த்தார்.

கவுண்டாவின் மேசையில் இரண்டு பதில்கள் இருந்தன.

செம்பை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். வருமானம் நிற்காது. வடகிழக்கு ரயில் இன்னும் ஜாம்பியாவையே தொடவில்லை. லாரிகளால் முடியாது. லோபிடோ பாதை இருக்கிறது, ஆனால் அது போர்ச்சுகலின் கையில். கணக்குப் பார்க்கும் எந்த அமைச்சரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

கவுண்டா மற்றதைத் தேர்ந்தெடுத்தார். செம்பும் போகாது என்றார். ஒரு பாளம்கூடத் தெற்கே போகாது.

ஸ்மித் இதை எதிர்பார்க்கவில்லை. நான்கு வாரம் கழியுமுன்பே, பிப்ரவரி 4-ல், எல்லையைத் திறந்துவிட்டதாக அறிவித்தார். திறந்த கதவை இந்தப் பக்கத்திலிருந்து கவுண்டா சாத்தினார். இனி அது திறக்காது என்றார்.

காவியத்து வீரம் அல்ல இது. ஒரு ஏழை நாட்டின் தலைவர் தன் மக்களின் வயிற்றைப் பணயம் வைத்து எடுத்த முடிவு. இறக்குமதிச் செலவு ஏறியது. சரக்கு சுற்றி வளைத்து வந்தது. லோபிடோ, டார் எஸ் சலாம், மொம்பாசா, மலாவி வழியாக மொசாம்பிக் என்று கிடைத்த ஓட்டையில் எல்லாம் செம்பை நுழைத்தார்கள். அந்த முடிவைத் தாங்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், மலைமேல் வந்துகொண்டிருந்த அந்தத் தண்டவாளத்திலிருந்து. அது இன்னும் முடியவில்லை. ஆனால் முடியப் போகிறது என்பது இரண்டு தலைநகரங்களிலும் தெரியும்.

பொருளாதார வழித்தடம் என்ற சொல்லை இன்று நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டில் இந்தியாவையும் மத்திய கிழக்கையும் ஐரோப்பாவையும் இணைக்கும் வழித்தடம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே காஸாவில் போர் வெடித்தது. வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் 1973 ஜனவரியின் அந்த நான்கு வாரங்களை உட்கார்ந்து படிக்க வேண்டும். கோடு கடக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு ஆட்சி இருக்கிறது. அதற்கு ஒரு பயம், ஒரு பகை, ஒரு தேர்தல் அல்லது ஒரு துப்பாக்கி இருக்கிறது.

*

அதன்பின் சம்பவங்கள் ஒன்றையொன்று துரத்தின.

1973 ஆகஸ்ட் கடைசியில் தண்டவாளம் துண்டுமாவில் எல்லையைக் கடந்து ஜாம்பிய மண்ணில் நுழைந்தது. அங்கிருந்து நிலம் எளிது. வேலை ஓடியது.

1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவப் புரட்சி. போர்ச்சுகலின் ஆப்பிரிக்கப் பேரரசு சரிய ஆரம்பித்தது. அதே மாதம் செம்பு விலை உலகச் சந்தையில் உச்சத்தில் நின்றது. ஆண்டு முடிவதற்குள் அது பாதிக்கும் கீழே விழுந்தது. அந்த நேரத்தில் இரண்டாவது செய்தியைவிட முதலாவதே லுசாகாவில் பெரிதாகப் பேசப்பட்டிருக்கும். இரண்டாவதுதான் பிற்பாடு நாட்டை உலுக்கியது.

1975 ஜூன் 7. கபிரி ம்போஷியில் கடைசித் தண்டவாளம் பழைய பாதைக்கு அருகே வந்து சேர்ந்தது. குறித்த காலத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள். மொத்தம் 1,860 கிலோமீட்டர், 300-க்கும் மேற்பட்ட பாலங்கள்.

அதே மாதம் 25-ல் மொசாம்பிக் விடுதலை பெற்றது.

ஆகஸ்டில் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் பெங்குவெலா பாதையை அறுத்தது. லோபிடோ மூடியது. தெற்குக் கதவைச் சாத்திய பிறகு ஜாம்பியா பெரிதும் நம்பியிருந்த வழி அது. மறுபடி அந்த வழியே ஜாம்பியச் செம்பு கடலுக்குப் போகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

இரண்டே மாத இடைவெளி. ஜூனில் புதிய ரயில் வந்து சேர்கிறது, ஆகஸ்டில் மேற்கு வழி போகிறது. சீனர்கள் இரண்டு வருடம் தாமதித்திருந்தால் ஜாம்பியா என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பயனில்லை என்று உலக வங்கி சொன்ன ரயில் இப்போது நாட்டின் உயிர்நாடி.

1976 ஜூலை 14-ல் சீனா முறைப்படி ரயிலை இரண்டு அரசுகளிடமும் ஒப்படைத்தது. தஸாரா என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு ஏற்றும் திறனுக்கு வடிவமைக்கப்பட்டது. ஸ்மித்தின் கை எட்டாத, போர்ச்சுகலின் போர்கள் தீண்டாத, இரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சொந்தமான ரயில். இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவர்களுக்கும் மனம் நிறைந்திருக்கும்.

முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1978 அக்டோபரில், கவுண்டா நாட்டு மக்களிடம் ஓர் அறிவிப்பு செய்தார். ஸ்மித் இன்னும் வீழ்ந்திருக்கவில்லை. ரொடீசியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் தெற்கு ரயில் பாதையை மீண்டும் திறப்பதாகச் சொன்னார். ஐந்தே முக்கால் வருடம் எந்த நெருக்கடியிலும் திறக்காத கதவை, சொந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவரே திறந்தார்.

விதைப்புக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜாம்பிய விவசாயிகளுக்கு வேண்டிய உரம் தொலைவில் துறைமுகங்களில் கிடந்தது. தண்டவாளம் இருந்தது. கப்பல் வந்தது. இரண்டு அரசுகளும் நட்பாகத்தான் இருந்தன.

பிறகு சரக்கு ஏன் நகரவில்லை? அடுத்த வாரம் டார் எஸ் சலாம் துறைமுகத்தில் இறங்கி, கிடங்கு கிடங்காகப் பார்ப்போம்.

(தொடரும்)